இணைப்பின் பாரம்

வலைத்தளம் ஒன்றைப் புதிதாகக் கட்டப் புகும் நிரலாளர், முதல் வரியை எழுதுவதற்கு முன்னமே தீர்மானம் செய்தாக வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. உலாவியிலிருந்து வரும் கோரிக்கையை ஏற்பது, அதன் முகவரியைப் பார்த்து உரிய நிரற்பகுதிக்கு அனுப்புவது, தரவுத்தளத்தில் எழுதுவது, படிப்பது, படிவங்களைச் சரிபார்ப்பது, வந்திருக்கும் பயனர் யாரென்று அறிவது, கடைசியில் பக்கத்தை உருவாக்கித் திருப்பி அனுப்புவது ஆகிய இத்தனை காரியங்களையும் ஒரே கையால் வார்த்தெடுத்த பாகங்களாகக் கொண்டுவரும் முழுமையான ஃபிரேம்வொர்க் ஒன்றை ஏற்பதா, அல்லது ஒவ்வொரு காரியத்துக்கும் அதிலே தேர்ந்த தனிக் கருவியைத் தேடியெடுத்துத் தாமே சேர்த்துக்கொள்வதா என்பதே அது. அன்றைக்கு அரை மணி நேரத்தில் எடுத்த முடிவோடு அடுத்த பல ஆண்டுகள் வாழ வேண்டியிருப்பதால், இதைச் சற்று நிதானமாக ஆராய்வது பிரயோஜனமுடையது.

இந்தக் கேள்வியைச் சௌகரியத்துக்கும் சுதந்திரத்துக்கும் இடையே நடக்கும் வழக்காகப் பேசுவார்கள். முழுமையான ஃபிரேம்வொர்க் சௌகரியத்தைத் தந்து கையைக் கட்டும் என்றும், தனிக் கருவிகள் சுதந்திரத்தைத் தந்து உழைப்பைக் கேட்கும் என்றும் சொல்வார்கள். இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆயினும் இவ்விதம் பேசும்போது நம் கவனம் முழுவதும் பாகங்களின் மேலேயே நிலைத்துவிடுகிறது. எந்தக் கருவி வேகமானது, எதற்கு அழகான இலக்கணம் இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எடைபோடும் நாம், பாகத்துக்கும் பாகத்துக்கும் நடுவே உள்ள இணைப்பை எடைபோட மறந்துவிடுகிறோம். பத்துப் பாகங்கள் உள்ள ஓர் அமைப்பில் இரண்டிரண்டாகச் சேர்த்து எண்ணினால் 45 ஜோடிகள் உண்டு. பாகங்கள் இருபதானால் ஜோடிகள் 190 ஆகிவிடும். எல்லா ஜோடிகளும் நேரே தொட்டுக்கொள்வதில்லைதான். எனினும் தொட்டுக்கொள்ளும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டு கருவிகளின் அபிப்பிராயங்கள் ஒத்துப்போயாக வேண்டும். கதவையும் நிலையையும் ஒரே தச்சர் செய்தால் அளவு தானே பொருந்திவிடுகிறது. வெவ்வேறு பட்டறைகளில் வாங்கி வந்தால் யாராவது ஒருவர் இழைப்புளியை எடுத்தே தீர வேண்டும். இணைக்கும் உழைப்பு எந்த வழியிலும் மறைந்துபோவதில்லை. ஃபிரேம்வொர்க்கை இயற்றியவர்கள் எல்லாருக்குமாக ஒரு முறை அதைச் செய்துவைக்கிறார்கள், அல்லது ஒவ்வொரு குழுவும் தனக்காகத் தானே செய்துகொள்கிறது.

முழுமையான ஃபிரேம்வொர்க் என்பது எந்த நிர்ப்பந்தத்தில் பிறந்தது என்பதை அறிய, பைதான் மொழியில் எழுந்த ஜாங்கோவின் வரலாறு நல்ல உதாரணம். அமெரிக்காவில் கான்ஸாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் நாளிதழான ‘லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்’டின் வலைப் பிரிவில் பணிபுரிந்த ஏட்ரியன் ஹோலவாட்டியும் சைமன் வில்லிசனும், 2003-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அதுவரை கையாண்டுவந்த பி.எச்.பி.யை விட்டுப் பைதானில் தளங்களைக் கட்டத் தொடங்கினார்கள். நாளிதழ் அலுவலகத்தின் அவசரம் எத்தகையதென்பது எல்லாரும் அறிந்ததே; புதிய பகுதி ஒன்று வேண்டுமென்று கேட்டால் சில நாள்களுக்குள், சில வேளைகளில் சில மணி நேரத்துக்குள், அது தயாராகிவிட வேண்டும். அன்றியும், செய்தியையும் படத்தையும் உள்ளிட வேண்டியவர்கள் நிரலாளர்களல்லர், நிருபர்களும் ஆசிரியர்களுமே. ஆகவே, தரவின் வடிவத்தை ஒரு முறை விவரித்த மாத்திரத்தில் அதைத் திருத்துவதற்கான நிர்வாகப் பக்கங்கள் தாமே உண்டாகிவிடும் வசதி அங்கே ஆடம்பரமாக இராமல் அத்தியாவசியமாக இருந்தது. அந்த அலுவலகத்துக்கென்று செய்துகொண்ட கருவி, 2005 ஜூலையில் உலகோர் எல்லாரும் எடுத்தாளும்படி வெளியிடப்பட்டது.

மற்றொரு மரபும் அதே காலத்தில் அதே மொழியில் வளர்ந்தது. 2003 டிசம்பரில் பிலிப் ஜே. ஈபி முன்வைத்த டபிள்யூ.எஸ்.ஜி.ஐ. என்னும் பொது விதி, பைதானில் எழுதிய எந்தச் செயலியும் எந்தச் சர்வரோடும் பேசுவதற்கு ஒரு வழியை வகுத்தது. அந்த விதியின் சாரம் மிகச் சிறியது: கோரிக்கையின் விவரங்கள் அடங்கிய ஒரு தொகுப்பையும், மறுமொழியைத் தொடங்கிவைக்கும் ஒரு செயற்கூற்றையும் பெற்றுக்கொண்டு, பைட்டுகளின் வரிசையைத் திருப்பித் தந்தால் போதும். இந்தச் சிறிய விதியின் மேல் பல சிறிய கருவிகள் எழுந்தன. ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஆர்மின் ரோனக்கர், தாம் முன்பே எழுதியிருந்த இரண்டு கருவிகளை ஒரே கோப்பில் அடைத்து, 2010 ஏப்ரல் முதல் தேதியன்று விளையாட்டாக ஒரு நுண் ஃபிரேம்வொர்க்கை வெளியிட்டார். அதற்குக் கிடைத்த மெய்யான வரவேற்பைக் கண்டு அதே ஆண்டில் அவர் முறையாக இயற்றித் தந்த ஃப்ளாஸ்க்கில், முகவரியை வழிப்படுத்துவதும் வார்ப்புருவிலிருந்து பக்கம் செய்வதும் தவிரப் பெரும்பாலானவை பயனரின் விருப்பத்துக்கே விடப்பட்டிருந்தன. தரவுத்தளத்துக்கு மைக் பேயர் 2006-இல் வெளியிட்ட எஸ்.க்யூ.எல்.ஆல்கெமியை எடுத்துக்கொள்ளலாம், படிவத்துக்கு டபிள்யூ.டி.ஃபார்ம்ஸ், அட்டவணைகளின் வடிவத்தை மாற்றுவதற்கு அலெம்பிக். ஒவ்வொன்றும் தன் துறையில் சிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இவ்விரண்டு மரபுகளும் எங்கே பிரிகின்றன என்பதை ஒரு சிறு காரியத்தில் நெருங்கிப் பார்ப்போம். ஒரு நூலகத்தின் உறுப்பினர் பதிவில் ‘பெயர்’ என்றொரு புலம் இருக்கிறது. அதற்கு 100 எழுத்துகள் உச்ச அளவு. ஜாங்கோவில் இதை மாதிரி வரையறையில் ஒரே வரியில் எழுதுகிறோம். அந்த ஒரு வரியிலிருந்து தரவுத்தளப் பத்தியின் அகலமும், படிவத்தின் சரிபார்ப்பும், உலாவி 100 எழுத்துக்கு மேல் தட்டவிடாமல் தடுக்கும் பண்பும், நிர்வாகப் பக்கத்தின் உள்ளீட்டுப் பெட்டியும் பிறக்கின்றன. நீண்ட பெயர் உள்ள உறுப்பினர் ஒருவர் வந்து சேர்ந்து, 150 எழுத்தாக்க வேண்டுமென்றால் அந்த ஒரு எண்ணை மாற்றி ஒரு கட்டளையை இட, தரவுத்தளத்தை மாற்றும் குறிப்பும் தானே எழுதப்பட்டுவிடுகிறது.

தனிக் கருவிகளால் கட்டிய தளத்திலோ, அதே 100 என்னும் எண் தரவுத்தளக் கருவியின் வரையறையில் ஒரு முறையும், படிவக் கருவியின் விதியில் மற்றொரு முறையும் எழுதப்பட்டிருக்கும். ஒரு நாள் படிவத்தில் மட்டும் 150 ஆக்கிவிட்டு, பத்தியை அகலமாக்க மறந்துபோனால் நேர்வது என்ன? நிரலாளரின் கணினியில் சோதனைக்காக வைத்திருக்கும் எஸ்.க்யூ.லைட், பத்தியின் நீள வரம்பைப் பொருட்படுத்தாத இயல்புடையது; ஆகவே அங்கே எல்லாம் ஒழுங்காக நடக்கும். நிஜத் தளத்தில் இருக்கும் போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லோ வரம்பைக் கண்டிப்பாகக் காப்பது. 120 எழுத்துள்ள பெயர் வந்து சேரும் நாளில் அது பிழையைத் திருப்பி அனுப்ப, பயனர் கண் முன்னே பக்கம் உடைந்து நிற்கும். இங்கே எந்தக் கருவியிலும் குற்றமில்லை. படிவக் கருவி தன் விதியைக் காத்தது. தரவுத்தளம் தன் விதியைக் காத்தது. இரண்டுக்கும் நடுவே, ஒருவருக்கும் சொந்தமில்லாத இடத்தில் குற்றம் விளைந்தது. வரையறையிலிருந்து படிவத்தைத் தானே உண்டாக்கித் தரும் இணைப்புக் கருவிகளும் கிடைக்கின்றனவே என்று கேட்கலாம். கிடைக்கின்றன, ஆனால் அவை ஒவ்வொன்றும் இன்னொரு பாகம், இன்னொருவர் பராமரிப்பில் இருப்பது, தனக்கென்று பதிப்பு எண்ணும் பழக்கவழக்கமும் உடையது.

சிறு கருவிகளைக் கோத்துப் பெருங்காரியம் செய்யலாம் என்பதற்கு யூனிக்ஸ் இயங்குதளத்தைச் சாட்சியாகக் கூறுவார்கள். டக் மெக்கில்ராய் பல ஆண்டுகள் வற்புறுத்தியதன் பயனாக, கென் தாம்ஸன் 1973-இல் யூனிக்ஸில் சேர்த்த குழாய் இணைப்பு, ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்ததன் உள்ளீடாகப் பாய்ச்சியது. அதன் வெற்றி மறுக்கவொண்ணாதது. ஆனால் அந்த வெற்றியின் காரணத்தை நாம் சரியாகப் படிக்க வேண்டும். அங்கே நிரலுக்கும் நிரலுக்கும் நடுவே செல்வது வெறும் பைட்டுகளின் ஓட்டம். வரிகளை வரிசைப்படுத்தும் நிரல், அந்த வரிகளை யார் எழுதினார், எதற்கு எழுதினார் என்று அறிய வேண்டியதே இல்லை. இணைப்பு மெல்லியதாக இருந்தது. ஆகையால் பாகங்கள் சுதந்திரமாக இருந்தன. டபிள்யூ.எஸ்.ஜி.ஐ.யும் அதே காரணத்தால்தான் நிலைத்தது. படிவத்துக்கும் தரவுத்தளத்துக்கும், பயனர் கணக்குக்கும் நிர்வாகப் பக்கத்துக்கும் நடுவே உள்ள இணைப்புகளோ தடித்தவை: புலத்தின் அளவு, அது வெறுமையாக இருக்கலாமா கூடாதா என்பது, யாருக்கு அதைத் திருத்த உரிமை உண்டு என்பது, நடுவில் பிழை நேர்ந்தால் அதுவரை எழுதியவற்றை யார் ரத்து செய்வது என்பது ஆகிய எத்தனையோ அறிவு அந்த எல்லையைக் கடந்து போக வேண்டியிருக்கிறது. யூனிக்ஸிடமிருந்து இந்த இடத்துக்குப் பாடத்தை அப்படியே எடுத்துக்கொள்வது பொருந்தாது.

பாகங்களை எங்கே பிரிக்க வேண்டும் என்பதற்கு முதன்முதலில் தெளிவான தர்க்கம் வகுத்தவர் டேவிட் பார்னாஸ். 1972-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த தமது கட்டுரையில் அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் எளியது: ஒவ்வொரு வரியையும், முதற்சொல்லைக் கடைசிக்குத் தள்ளித் தள்ளி, எத்தனை விதமாகச் சுழற்றலாமோ அத்தனை விதமாகவும் சுழற்றி, கிடைத்த வரிகளை எல்லாம் அகர வரிசையில் அடுக்கித் தரும் ஒரு நிரல். இதை எல்லாரும் பிரிக்கும் முறையில், படித்தல், சுழற்றுதல், அடுக்குதல், அச்சிடுதல் என்று வேலையின் படிகளைப் பின்பற்றி முதலில் பிரித்துக் காட்டினார். அம்முறையில், வரிகளை நினைவகத்தில் எவ்வாறு சேமிக்கிறோம் என்பதை எல்லாப் பாகங்களும் அறிந்திருக்க வேண்டியதாயிற்று. சேமிக்கும் முறையை மாற்ற எண்ணினால் அத்தனை பாகங்களையும் திருத்த வேண்டும். பிறகு, மாறக்கூடிய தீர்மானம் ஒவ்வொன்றையும் ஒவ்வொரு பாகத்துக்குள் மறைத்துவைக்கும் விதமாக அதே நிரலை மறுபடியும் பிரித்தார். இப்போது சேமிப்பு முறையை அறிந்த பாகம் ஒன்றே ஒன்று. மாற்றம் அதன் வாயிலைத் தாண்டுவதில்லை. இரண்டு முறைகளிலும் நிரல் பல துண்டுகளாகத்தான் இருந்தது. துண்டுகள் இருந்த மாத்திரத்தில் சுதந்திரம் வந்துவிடவில்லை என்பதை அரை நூற்றாண்டுக்கு முன்னரே அந்தக் கட்டுரை நிறுவிவிட்டது. தனிக் கருவிகளால் கட்டிய தளம் எல்லாம் நெகிழ்வானது என்று எண்ணிக்கொள்வோருக்கு, அந்தக் கட்டுரையைப் போல உதவக்கூடியது வேறொன்றும் இல்லை என்பது என் துணிபு.

நியாயம் வழுவாமல் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஜாங்கோவின் தரவுத்தள அடுக்கு தமக்குப் பொருந்தாதென்று கண்டு அதை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முற்படுவோர், அதோடு நிர்வாகப் பக்கத்தையும், மாதிரியிலிருந்து பிறக்கும் படிவங்களையும், பயனர் கணக்கின் ஏற்பாடுகளையும் சேர்த்து இழக்கிறார்கள். எந்த நெருக்கம் ஒரு வரியிலிருந்து ஐந்து பயன்களைத் தந்ததோ, அந்த நெருக்கமே ஒன்றைப் பிரிக்கும்போது ஐந்தையும் கூடவே பிடுங்கிவிடுகிறது. சிக்கலான அறிக்கைகளுக்காகத் தரவுத்தளத்தை நுட்பமாகக் கேள்வி கேட்க வேண்டிய தளங்களுக்கும், படிவமோ பக்கமோ இல்லாமல் இன்னொரு நிரலுக்கு விடை சொல்வதற்கென்றே இருக்கும் சிறு சேவைகளுக்கும், முழு ஃபிரேம்வொர்க்கின் பெரும்பகுதி சுமந்து திரிய வேண்டிய மூட்டையாகவே இருக்கும். அங்கே ஃப்ளாஸ்க்கைப் போன்றதை எடுப்பதே விவேகம்.

இரண்டுக்கும் நடுவே மூன்றாவது வழி ஒன்றையும் 2005-இல் டர்போகியர்ஸ் முயன்று பார்த்தது. சர்வருக்குச் செர்ரிபை, தரவுத்தளத்துக்கு எஸ்.க்யூ.எல்.ஆப்ஜெக்ட், வார்ப்புருவுக்குக் கிட் என்று, புழக்கத்தில் இருந்த நல்ல கருவிகளையே தேர்ந்து ஒரு முழுமையான ஃபிரேம்வொர்க்காகத் தொகுத்துத் தந்தது. எண்ணம் மிகவும் உயர்ந்தது. ஆனால் காலம் அந்தக் கருவிகளைத் தாண்டிச் சென்றது; இரண்டாம் பதிப்பு வரும்போது அவற்றின் இடத்தில் பைலான்ஸும் எஸ்.க்யூ.எல்.ஆல்கெமியும் கென்ஷியும் அமர்ந்திருந்தன. முதற்பதிப்பில் தளம் கட்டியவர்கள், பாகங்களை மாற்றும் சுதந்திரம் தங்களுக்கு இருப்பதாக நம்பியிருக்க, பாகங்களே அவர்களுக்கு அடியிலிருந்து மாறிவிட்டன.

ஃபிரேம்வொர்க்குகளின் எல்லையும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. ஜாங்கோவில் அட்டவணைகளின் வடிவத்தை மாற்றும் கருவி தொடக்கத்தில் இல்லை. ஆண்ட்ரூ காட்வின் இயற்றிய சவுத் என்னும் தனிக் கருவியை வெளியிலிருந்து சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. தரவின் வரையறையோடு அத்தனை நெருங்கிப் பேச வேண்டிய காரியம் வெளியே நிற்பது பொருந்தாதென்று உணரப்பட்டு, 2013-இல் பொதுமக்களிடம் திரட்டிய நிதியின் உதவியால் அவரே அதைப் புதிதாக எழுத, 2014-இல் வந்த 1.7 பதிப்பில் அது ஜாங்கோவின் அங்கமாயிற்று. அதே ஆண்டில், ஜாவாஸ்கிரிப்ட் உலகின் எக்ஸ்பிரஸ் நேர்மாறாகச் சென்றது. தன் நான்காம் பதிப்பில், உடன் கொடுத்துவந்த துணைக் கருவிகளில் ஏறத்தாழ எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்தது. ஆனால் கோரிக்கையின் உடலைப் பிரித்துப் படிக்கும் வேலை எல்லாத் தளங்களுக்கும் தேவைப்பட்டதால், 2017-இல் அதை மறுபடியும் உள்ளே சேர்த்துக்கொண்டது. ரூபி மொழியில் டேவிட் ஹைன்மையர் ஹான்ஸன் 2004-இல் வெளியிட்ட ரெயில்ஸுக்கும், பாகங்களை விருப்பம்போல் மாற்றிக்கொள்ளலாம் என்னும் கொள்கையோடு அதற்குப் போட்டியாக எழுந்த மெர்புக்கும் இடையே இருந்த விவாதமோ, 2008 டிசம்பரில் இரு தரப்பாரும் ஒன்றாக இணைவதாக அறிவித்ததோடு முடிந்தது. 2010 ஆகஸ்டில் வெளிவந்த ரெயில்ஸ் மூன்றாம் பதிப்பில் தீர்மானங்கள் முன்போலவே முன்கூட்டி எடுத்துவைக்கப்பட்டிருந்தன. வேண்டாதவர் மாற்றிக்கொள்ளும் வாயிலும் ஒழுங்காக வைக்கப்பட்டிருந்தது. இத்துறையில் நான் மிகவும் போற்றும் நிகழ்ச்சி இதுவே.

பாதுகாப்பு என்னும் விஷயத்தில் இரண்டு வழிகளுக்கும் உரிய ஆபத்து வெவ்வேறு. ரெயில்ஸ் தன் இயல்பான நிலையில், படிவத்திலிருந்து வந்த புலங்களையெல்லாம் கேள்வியின்றித் தரவில் பதிந்துகொள்ள அநுமதித்திருந்தது. 2012 மார்ச்சில் ஓர் இளைஞர், ரெயில்ஸில் கட்டிய நிரற்களஞ்சியத் தளமான கிட்ஹப்பில் படிவத்தின் புலமொன்றை மாற்றி அனுப்பி, ரெயில்ஸின் மூலநிரலிலேயே எழுதும் உரிமையைப் பெற்றுக் காட்டினார். ஒரே தவறான இயல்புநிலை ஆயிரக்கணக்கான தளங்களில் ஒரே நேரத்தில் இருந்தது என்பது பயங்கரம்தான். ஆனால் அடுத்த ஆண்டு நான்காம் பதிப்பில், அநுமதித்த புலங்களை மட்டுமே ஏற்கும் முறை இயல்பாக்கப்பட்டபோது, அந்தத் திருத்தமும் அதே விதமாகப் பரவியது. தனிக் கருவிகளில் நேரும் ஆபத்து இதைப் போலப் பேரொலியோடு வருவதில்லை. வேறொரு தளத்திலிருந்து பயனரின் பெயரால் பொய்க் கோரிக்கை வருவதைத் தடுக்கும் காவல் ஜாங்கோவில் புதிய தளத்தோடு தானே வந்துவிடுகிறது. ஃப்ளாஸ்க்கின் மையத்தில் அது இல்லை, நினைவாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். நினைவில்லாதவரின் தளம் எல்லா விதத்திலும் ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும்; இல்லாத காவலை அறிவிக்க எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பாகங்கள் மிகச் சிறியவையாகும்போது வேறொரு பாரமும் சேர்கிறது. ஒரு சரத்தின் இடப்பக்கத்தில் இடைவெளியை நிரப்புவது மாத்திரமே செய்யும், 11 வரிகளே உள்ள லெஃப்ட்-பேட் என்னும் ஜாவாஸ்கிரிப்ட் தொகுப்பை, 2016 மார்ச்சில் அதன் ஆசிரியர் மற்றொரு தொகுப்பின் பெயரைப் பற்றிய தகராறு காரணமாக என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அதை நம்பியிருந்த தொகுப்புகளை நம்பியிருந்த பேபல் முதலிய பெரிய கருவிகளின் நிறுவல்கள் உலகெங்கும் நின்றுபோக, களஞ்சியத்தார் அன்றே அதை மீட்டு வைக்கும்படி ஆயிற்று. அந்த 11 வரிகளின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்களின் வேலையும் அன்று நின்றது.

என் அபிப்பிராயத்தை மறைக்க வேண்டியதில்லை. பயனர் கணக்கும், படிவங்களும், அட்டவணைகளாக அமையும் தரவும், உள்ளடக்கத்தைத் திருத்த நிரல் அறியாதவர்களும் உள்ள தளத்தை நான்கைந்து பேர் சேர்ந்து கட்டுவதாக இருந்தால், முழுமையான ஃபிரேம்வொர்க்கை எடுத்துக்கொள்வதே நன்று. தடித்த இணைப்புகளை, அவற்றையே தொழிலாகக் கொண்டவர்கள் பராமரிப்பார்கள்; நீண்டகால ஆதரவுக்குரிய பதிப்புகளுக்கு மூன்று ஆண்டுகள்வரை பாதுகாப்புத் திருத்தங்கள் வரும் என்னும் ஜாங்கோவின் உறுதியை, பன்னிரண்டு தனிக் கருவிகளின் பன்னிரண்டு கால அட்டவணைகளிலிருந்து யாரும் பெற முடியாது. தேடல், மின்னஞ்சல் அனுப்புதல், படங்களைச் சேமித்தல், நேரமெடுக்கும் வேலைகளைப் பின்னணியில் வரிசையாகச் செய்தல் ஆகியவற்றுக்கோ, இணைப்பு மெல்லியது. ஒரு செய்தியைக் கொடுக்கிறோம், ஒரு விடையைப் பெறுகிறோம். இவற்றுக்குத் தனிக் கருவிகளைத் தாராளமாகத் தேர்ந்துகொள்ளலாம்; நாளை மாற்ற நேர்ந்தாலும் திருத்த வேண்டிய இடம் ஒன்றே.

முழு ஃபிரேம்வொர்க்கை ஏற்றவர்களும், மாறக்கூடியதென்று தெரிந்த இடத்தில் வாயிலை முதல் நாளே வைத்துவிட வேண்டும். ஜாங்கோவில் அதற்குரிய முதன்மையான இடம் பயனர் மாதிரி. 2013-இல் வந்த 1.5 பதிப்பிலிருந்து அதை நம் விருப்பப்படி அமைத்துக்கொள்ளலாம். ஆனால் தரவுத்தள அட்டவணைகள் உண்டான பிறகு அதை மாற்ற முயன்றால், பயனரைச் சுட்டி நிற்கும் அட்டவணைகளையெல்லாம் கையாலேயே திருத்த வேண்டியிருக்கும். ஆகவே, இயல்பாகக் கிடைக்கும் பயனர் மாதிரியே போதுமென்று தோன்றினாலும், அதிலிருந்து பிறந்த வெறுமையான மாதிரி ஒன்றைத் தனதென்று வைத்துக்கொண்டே புதிய தளத்தைத் தொடங்கும்படி ஜாங்கோவின் ஆவணம் வற்புறுத்திவந்தது. நிரலில் அதற்கு ஆகும் செலவு இரண்டு மூன்று வரிகள்.